வெள்ளைக்கும் முனைக்கும் நடுவில் மச்சாது

எனக்கு அநியாயம் செய்தவர்களில் முதலில் மச்சாது. அம்பயராக நின்ற பாக்கியநாதன் அதற்குப் பிறகு. சோற்றைப் போட்டுக்கொண்டே, "உண்மையச் சொல்லுங்க, பட்டுச்சா படலியா?" என்று கேட்டாளே என் பெண்டாட்டி சந்தனமாரி, அவள் அதற்கும் பிறகு. இந்த வரிசை மாறக் கூடாது. மாறினால் நியாயம் மாறிவிடும். ரொமால்ட் மச்சாது, கப்பல் ஏஜென்சி ஆபீசில் பில் போட்டவர், சட்டைக் கைமடிப்பில்கூடச் சுருக்கம் விழாதவர், இதோ என் எதிரில் குனிந்து நிற்கிறார். தூத்துக்குடி கடற்கரை ரோட்டில், வலைக்கடைக்கு மேலே, ஜெசிந்தா நடத்துகிற ஸ்நூக்கர் மாடியில், மத்தியானச் சாப்பாட்டு நேரம் என்பதால் நாங்கள் மூன்று பேர் மட்டும். மேசையில் வெள்ளைப் பந்தும் ரோஸும் கறுப்பும்தான் மிச்சம். கீழே புது நைலான் வலைப்பொதி பிரிக்கிறார்கள், அந்த மண்ணெண்ணெய் மாதிரி வாடை படியேறி வருகிறது. மச்சாது பந்தடிக்கிற கியூக் கோலில் நிதானமாகச் சாக்கட்டியைத் தேய்க்கிறார், முனையில் நீலப் பொடி. பெங்களூரில் மகன் வீட்டோடு போய்விட்டவர், சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வந்திருக்கிறார். முந்தாநாள் படியேறி வந்து என்னைப் பார்த்ததும், "அடடே, கொம்பையா அண்ணாச்சி! இன்னும் ஆடுதீகளா?" என்றார். அண்ணாச்சியாம். நான் துறைமுகத்தில் சுமை தூக்குகிற வின்ச் ஓட்டிய காலமெல்லாம் வெறும் கொம்பையா. இப்போது அண்ணாச்சி. ஒரு மனிதனை அவமானப்படுத்திவிட்டு இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் கழித்து வந்து அண்ணாச்சி என்றால் சரியாகிவிடுமா? "ஒரு ஆட்டம் போடுவமா?" என்று அவரே கேட்டார். நான் உடனே சரி என்றேன். எனக்கு வேண்டியது ஆட்டம் இல்லை. எனக்கு வேண்டியது அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை. படல. அன்றைக்குப் படவில்லை. அவ்வளவுதான். அதை ஜெசிந்தா ஒருத்தி கேட்டால் போதும், எனக்கு ஊர்க் கூட்டம் வேண்டாம்.

அன்றைக்கும் கறுப்பு ஒன்றுதான் மிச்சம். துறைமுகத்துக்காரர்களுக்கென்று அப்போது ஒரு மனமகிழ் மன்றம் இருந்தது, அதில் ஒரே ஒரு பெரிய மேசை, வருஷத்துக்கு ஒரு போட்டி. இறுதி ஆட்டம். ஆபீசர்களும் கிளார்க்குகளும் ஆடுகிற மேசையில் ஆறாம் வகுப்பு தாண்டாத ஒரு வின்ச்காரன் கடைசிவரை வந்துவிட்டான் என்று சுவரெல்லாம் ஆள். கறுப்பு மூலைப் பைக்கு நேராக நிற்கிறது, வெள்ளை அதற்கு நேர் பின்னால். சின்னப் பிள்ளை தள்ளினாலும் விழும். நான் குனிந்தேன். இந்த ஆட்டத்தில் யாரும் எடுத்த எடுப்பில் அடிப்பதில்லை, கியூவை முன்னும் பின்னும் நாலு ஓட்டம் ஓட்டிப் பார்த்துத்தான் அடிப்போம். அந்த ஓட்டத்தில் முனை வெள்ளையைத் தொட்டுவிட்டால் தப்பு. மயிரிழை தொட்டாலும் தப்பு. கறுப்பு மட்டும் இருக்கும்போது தப்பு நடந்தால் எதிராளிக்கு ஏழு புள்ளி, ஆட்டமும் அதோடு சரி. அதை யார் சொல்வது? கியூ பிடித்தவன் சொல்ல வேண்டும். எந்த மேசையிலும் அதுதான் வழக்கம். தொட்டது கைக்குத்தான் தெரியும், கண்ணுக்கு அல்ல. எத்தனையோ ஆட்டத்தில் நான் நிமிர்ந்து "டச்" என்று நானே சொல்லிவிட்டு என் நாற்காலிக்குப் போயிருக்கிறேன், யாரும் பார்க்காதபோதும். அன்றைக்கு என் கை சும்மா இருந்தது. கை ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது ஓட்டமோ நாலாவதோ, நாற்காலி கிறீச்சிட்டது, "டச்" என்று ஒரு குரல். என் குரல் இல்லை. மச்சாதுவின் குரல். நாற்காலியில் இருக்கிறவன் சொன்னான். பாக்கியநாதன் அப்போது கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைத்துக்கொண்டிருந்தார், இது சத்தியம், நான் பார்த்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் என்னையா கேட்டார்? "என்ன மச்சாது, பட்டுச்சா?" என்று அவரைக் கேட்டார். கியூ என் கையில். கேள்வி அவருக்கு. "பட்டுச்சு சார், நல்லாப் பாத்தேன்." முடிந்தது. கைதட்டினார்கள். பரிசாக ஒரு சுவர்க்கடிகாரம், அது மச்சாது வீட்டு ஹாலில் இத்தனை காலமும் மணியடித்துக்கொண்டு இருந்திருக்கும். கடிகாரம் யாருக்கு வேண்டும். ஆனால் எவனும் என் பக்கம் திரும்பி, "கொம்பையா, உனக்கு எப்படிப் பட்டுது, நீ சொல்லு" என்று கேட்கவில்லை. ஒருத்தன் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் நான் மன்றத்துக்குப் போனேன். வாட்ச்மேன் கதவைத் திறக்கிறதுக்குள் நான் வாசலில். மச்சாது உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தேன், வாட்ச்மேனைக் கூப்பிட்டு நான் குனிந்த இடத்தில் குனியச் சொன்னேன். அவர் என்ன ஏது என்று தெரியாமல் துடைப்பக் கட்டையைக் கியூ மாதிரி பிடித்துக்கொண்டு குனிந்தார். என்ன தெரிந்தது? அவருடைய முதுகு. வலது முழங்கை. அதற்கப்பால் துணியின் பச்சை. வெள்ளையும் தெரியவில்லை, முனையும் தெரியவில்லை. நாற்காலியில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தேன். எதுவும் தெரியாது. அந்த நாற்காலியிலிருந்து தெரியவே தெரியாது. அதை நான் யாரிடம் போய்ச் சொல்ல? பாக்கியநாதனிடம் சொன்னேன். "விடுப்பா, ஒரு விளையாட்டுதான" என்றார். விளையாட்டாம். துறைமுகத்தில் நான் கப்பலுக்குள் இறக்கின சுமை ஒன்றுகூட ஆடினது கிடையாது, அதற்கு யாரும் சாட்சி கேட்டது கிடையாது, சுமை ஆடாமல் தரையைத் தொட்டது போதும். இங்கே தொடாததற்கு நான் எங்கே சாட்சி தேட? தொட்டதைக் காட்டலாம். தொடாததை எதை வைத்துக் காட்டுவது? வீட்டில் சொல்லலாம் என்று போனால் சந்தனமாரி அந்தக் கேள்வி கேட்கிறாள். பட்டுச்சா படலியா. நான் சோற்றில் கை வைத்தபடி அவளைப் பார்த்தேன். "என்ன முறைக்கீக? தெரியாமத்தான கேக்கேன்." தெரியாமல்தான் கேட்டாள், அதுதான் வயிறு எரிகிறது. என்னோடு இத்தனை வருஷம் இருந்தவளுக்குத் தெரியவில்லை.

ரோஸ் விழுந்துவிட்டது. மச்சாது நிமிரவே இல்லை, பந்து பைக்குள் உருளும் சத்தம் வந்த பிறகும் தாடை கியூவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்க்கும்போது எனக்குள் ஏதோ கடிக்கிறது. நேரான ஓட்டம். முழங்கை ஆணி அடித்த மாதிரி நிற்கிறது, அதற்குக் கீழே கை மட்டும் போய் வருகிறது. கண் ஆபரேஷன் ஆனவர், சர்க்கரை உள்ளவர், பெங்களூரில் மேசையே தொடுவதில்லை என்றவர். எப்படி இன்னும் இவ்வளவு நேராக அடிக்கிறார்? அடிக்கலாம். அவருக்கு என்ன. அவரை யாரும் சந்தேகப்படவில்லை. யாரும் சந்தேகப்படாதவன் கை கோணாது. என் கைதான் கோணிப்போனது. அந்த இறுதி ஆட்டத்துக்குப் பிறகு என் அடி நேராகப் போனதே கிடையாது. நேர் பந்தைத் தவறவிட்டேன். பந்தின் நடுவில் அடிப்பதும் ஓரத்தில் உரசுவதும் ஒன்றாயின. வயசு என்றார்கள், வின்ச் லீவரைப் பிடித்துப் பிடித்துத் தோள் போய்விட்டது என்றார்கள். நானும் நம்பினேன். ஜெசிந்தா இந்த மாடியைத் திறந்து, நான் மறுபடி ஆட வந்து, ஒருநாள் அவள் செல்போனில் என்னைப் பக்கவாட்டில் படம் பிடித்துக் காட்டும்வரை எனக்கு விஷயம் தெரியாது. "அண்ணாச்சி, இதப் பாருங்க. வெள்ளை எங்க இருக்கு, உங்க முனை எங்க இருக்கு?" பார்த்தேன். நடுவில் நாலு விரல் போகும். "வெள்ளை என்ன, கடிச்சா வச்சிரும்? ஏன் இப்படித் தூரமா நின்னு கும்பிடுதீக? முனைய பக்கத்துல கொண்டு போங்க. இவ்வளவு தூரத்துல இருந்து அடிச்சா கடைசியில கியூ எட்டிப் பிடிக்கப் பாயுது, முழங்கை விழுது, முனை கோணுது." அவள் புருஷன் கப்பலில் போகிறவன், ஆட்டம் அவனிடம் படித்தாள், வாய் சொந்த வாய். நான் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஓட்டம் ஓட்டுகிறேன், ஓட்டுகிறேன், ஒவ்வொரு ஓட்டத்திலும் முனை வெள்ளைக்கு நாலு விரல் தள்ளியே நின்று திரும்புகிறது. அந்தக் காலத்தில் அரை விரல்கூட விடமாட்டேன். எப்போது தள்ளிப்போனது? கேட்டுக்கொண்டிருக்கும்போதே தெரிந்துவிட்டது. யாரும் டச் என்று சொல்லிவிடக் கூடாது. நாற்காலியில் இருக்கிறவனுக்கு வாய் திறக்க இடம் கொடுக்கக் கூடாது. நான் முடிவு பண்ணவில்லை, என் கையாகவே ஒதுங்கிவிட்டது. இத்தனை வருஷம் என் முனைக்கும் வெள்ளைக்கும் நடுவில் அந்த நாலு விரல் இடத்தில் மச்சாது கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். கடிகாரத்தை மட்டும் அல்ல, என் அடியையும் கொண்டுபோய்விட்டார்.

சரி, அதைத் திரும்ப வாங்குவோம் என்று இறங்கினேன். இந்த வயசில். கண்ணாடிச் சோடா பாட்டில் ஒன்றைச் சாப்பாட்டு மேசையில் படுக்கவைத்து, அதன் வாய்க்குள் கியூ முனையை விட்டு விட்டு எடுக்கிற பழக்கம், விளிம்பில் படாமல். நேராகப் போனால் சத்தமில்லை. கோணினால் 'டிங்' என்று கண்ணாடி காட்டிக்கொடுக்கும். சந்தனமாரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன, பாட்டிலுக்குப் பாலூட்டுதீகளா?" என்றாள். முனையை மறுபடி உள்ளே விட்டேன். 'டிங்'. "பட்டுருச்சு!" என்றாள். மறுபடி 'டிங்'. "பட்டுருச்சு!" வெங்காயம் நறுக்கிக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டே, சிரித்துக்கொண்டே சொல்கிறாள். அவளுக்கு அது வெறும் விளையாட்டு, அந்த வார்த்தை என்னை எங்கே குத்துகிறது என்று அவளுக்குத் தெரியுமா, தெரிந்துதான் சொல்கிறாளா. ஒருநாள் கியூவை வைத்துவிட்டு, "இதுக்கு மட்டும் ஒனக்குக் காது கேக்கு" என்றேன். "பட்டா பட்டுதுன்னுதான சொல்லணும், படாதத பட்டுதுன்னா சொன்னேன்?" என்றாள். வெங்காயக் கத்தி நின்றுவிட்டது. பிறகு அவள் பாட்டிலைத் துடைத்து மறுபடி மேசையில் சரியாக வைத்துவிட்டுப் போனாள். மாடிக்கு வந்தால் வேறு பழக்கம். வெள்ளையை மேசையின் நடுக்கோட்டில் வைத்து, எதிர் விளிம்புக்கு நேராக அடிப்பது, போன வழியே திரும்பி வந்து முனையில் நிற்க வேண்டும். முதலில் வெள்ளை ஏதோ சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிற மாதிரி இடதுபக்கம் ஒதுங்கி ஒதுங்கிப் போனது. பிடியைத் தளர்த்தினேன், லீவரை இறுக்கிப் பிடிக்கிறவன்தான் சுமையை ஆட்டுவான். பின்னால் இழுத்த இடத்தில் ஒரு மூச்சு நிறுத்தினேன். முனையைப் பக்கத்தில் கொண்டுபோனேன், மூன்று விரல், இரண்டு, ஒன்று. அதுதான் கஷ்டம். பக்கத்தில் போகப் போக உள்ளங்கை வியர்க்கும். அரை விரலில் நெஞ்சு அடிக்கிறது காதில் கேட்கும். மேசையில் யாருமில்லை, நாற்காலியில் யாருமில்லை, ஆனாலும் ஒரு கிறீச். ஜெசிந்தா நாற்காலியையே அந்தப் பக்கமிருந்து எடுத்துவிட்டாள். "போதுமா? இப்ப அங்க யாரு இருக்கா?" இருந்தார். ஆனால் வெள்ளை நேராகப் போய் நேராக வர ஆரம்பித்தது. போன மாதம் தொடர்ந்து பல தடவை முனைக்கே வந்து நின்றது. எனக்கு அழுகை வந்தது, கோபத்தில். எவ்வளவு சின்ன விஷயம். அரை விரல். இதற்காகவா ஒரு ஆயுள்.

மச்சாது கறுப்பை விட்டுவிட்டார். பையின் வாயோரத் தாடையில் தட்டி, இரண்டு தட்டு தட்டி, வெளியே வந்து நின்றுவிட்டது. "சே" என்றார். அவர் "சே" சொல்வதுகூடப் பில் போடுகிற மாதிரிதான் இருக்கும். போய் நாற்காலியில் உட்கார்ந்தார். ஜெசிந்தா இன்றைக்கு அந்த நாற்காலியைத் திரும்பக் கொண்டுவந்து போட்டிருக்கிறாள், விருந்தாளி வந்திருக்கிறாரே. போட்ட இடத்தைப் பார்த்தேன். எனக்கு வலது பின்பக்கம், முழங்கைக்கு நேர் பின்னால். அன்றைக்கு இருந்த அதே இடம். அவள் வேண்டுமென்று போடவில்லை, அவளுக்கு என்ன தெரியும். நான் எழுந்தேன். முழங்கால் இரண்டு சத்தம் போட்டது. கறுப்பு மூலைப் பைக்கு ஏறக்குறைய நேர், வெள்ளை அதற்குப் பின்னால் ஒரு முழத்தில். சாக்கட்டி தேய்த்தேன், தேவையில்லாமல் மறுபடி தேய்த்தேன். இது விழுந்தால் நான் ஜெயித்தேன். ஜெயித்தால் அவர் நிமிர்ந்து, கைகொடுத்து, அன்றைக்குப் படல கொம்பையா, என் வாயில் வந்துவிட்டது என்று சொல்வாரா? ஏன் சொல்வார்? சொல்ல மாட்டார். ஆனால் தோற்றவனுக்கு அவர் ஏன் சொல்லப் போகிறார், ஜெயித்தவன் கேட்டால் ஒருவேளை. ஒருவேளை. இத்தனை நாள் பயிற்சியும் இந்த ஒருவேளைக்குத்தான். அதோடு இன்னொரு பயமும் இருக்கிறது, வெளியில் சொன்னதில்லை. பாக்கியநாதன் போய்ச் சேர்ந்துவிட்டார். சுவரோரம் நின்ற ஆட்கள் முக்கால்வாசிப் போய்விட்டார்கள். மச்சாதுவும் போய்விட்டால் அப்புறம் அந்த வார்த்தை எங்கே இருக்கும்? அவருடைய பெட்டியோடு புதைத்துவிடுவார்கள். மாதா கோயில் மணி அடித்து, பாட்டுப் பாடி, படவில்லை என்பதை மண்ணைப் போட்டு மூடிவிடுவார்கள். அவர் முகம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கணுக்கால் வீங்கியிருக்கிறது, செருப்பு வார் பதிந்திருக்கிறது. படியேறும்போது மூன்று இடத்தில் நின்றார், நான் மேலிருந்து பார்த்தேன். சாகாதேயும் வே. சொல்லிவிட்டுச் சாகும்.

குனிந்தேன். இடது உள்ளங்கை துணியில், விரல்கள் விரிந்து, கட்டைவிரல் தூக்கி, அந்த இடுக்கில் கியூ. துணி சூடாக இருக்கிறது, மேலே விளக்கு. தாடை கியூவில். முதல் ஓட்டம் மூன்று விரல் தள்ளி. கை பழைய இடத்துக்கே போகப் பார்க்கிறது. போகாதே. இரண்டு விரல். நாற்காலி அமைதியாக இருக்கிறது. ஒரு விரல். காதில் நெஞ்சு. கீழே யாரோ "ஏலே, அந்தச் சிவப்பு நூல எடு" என்கிறார்கள், வலைக்காரர்கள், எவ்வளவு நிம்மதியான வேலை, கண்ணி கண்ணியாக. அரை விரல். இங்கேதான் நான் இருந்தேன், அன்றைக்கு, இந்த இடத்தில்தான், இவ்வளவு பக்கத்தில், இந்த மாதிரி நேராக. வெள்ளை பெரிதாகத் தெரிகிறது, அதன் மேல் பழைய சாக்கட்டித் தடம் ஒன்று, நீலமாக, நகக்கண் அளவு. என் கியூ நேராக இருக்கிறது. எனக்குத் தெரிகிறது, இது விழும். இழுத்தேன், முன்னால் விட்டேன், கடைசி ஓட்டம், அடுத்தது அடி. அப்போது கைக்குத் தெரிந்தது. கண்ணுக்கு ஒன்றுமில்லை. வெள்ளை அசையவில்லை, அசைந்திருந்தால் அந்த நீலத் தடம் மயிரளவு திரும்பியிருக்கும், திரும்பியதா என்றுகூடச் சொல்ல முடியாது. சத்தமில்லை. ஆனால் கட்டைவிரல் இடுக்கில், மரத்துக்குள்ளே, ஒரு சின்ன நெருடல், எறும்பு காலை மாற்றி வைத்த மாதிரி. தொட்டுவிட்டது. நான் அப்படியே நின்றேன். அடித்தால் விழும். யாரும் பார்க்கவில்லை. ஜெசிந்தா கவுண்டரில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாற்காலி கிறீச்சிடவில்லை. எத்தனை வருஷமாக எந்தக் கிறீச்சுக்குப் பயந்தேனோ அது வரவில்லை, வர வேண்டிய நேரத்தில் வரவில்லை. அடிடா கொம்பையா. அடித்துவிட்டு அந்த வார்த்தையைக் கேள். அடித்துவிட்டு எந்த வாயால் கேட்பது? இல்லை, அப்படியெல்லாம் நான் யோசிக்கவில்லை, யோசிக்க எங்கே நேரம். முதுகு தானாக நிமிர்ந்துவிட்டது, எப்போதும் நிமிர்கிற மாதிரி. "டச்" என்றேன். என் குரல்தான். மாடியில் அது பெரிதாகக் கேட்டது.

ஜெசிந்தா தலையைத் தூக்கினாள். மச்சாது முன்னால் சாய்ந்து, "என்னது?" என்றார். "டச். தொட்டுட்டு. ஆட்டம் உங்களுக்கு." அவர் சிரித்தார். "எங்க தொட்டுது? எனக்கு ஒண்ணும் தெரியலியே அண்ணாச்சி. அடிங்க, அடிங்க. நமக்குள்ள என்ன போட்டியா கீட்டியா." எனக்குக் காது இரண்டும் சூடேறியது. விட்டுக்கொடுக்கிறாராம். எனக்குப் பிச்சை போடுகிறார். "நீரு பாக்காண்டாம் வே. கியூ என் கையில இருக்கு. பட்டுது." 'உங்களுக்கு' என்ற மரியாதை போய், வே வந்துவிட்டது, வரட்டும். "அட, இங்கருந்து எப்படித் தெரியும்? உங்க முழங்கை மறைக்கில்லா" என்றார் மச்சாது. சொல்லிவிட்டார். அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். வாட்ச்மேன் துடைப்பக் கட்டையோடு குனிந்தது, நான் சாய்ந்து சாய்ந்து பார்த்தது, பாக்கியநாதன் விடுப்பா என்றது, எல்லாம் ஒரே நேரத்தில் முன்னால் வந்து நின்றது. கியூவைத் தரையில் ஊன்றினேன். "அங்கருந்து தெரியாதுல்லா?" "தெரியாது." "முழங்கை மறைக்கும்லா?" "ஆமா." "அப்ப அன்னைக்கு மட்டும் எப்படி வே தெரிஞ்சுது? அதே நாற்காலி. அதே முழங்கை. இதே கறுப்பு. எப்படித் தெரிஞ்சுது? சொல்லும்." அவர் சிரிப்பு நின்றது. புரிந்துகொண்டார். மறக்கவில்லை அவர், அந்த முகத்தைப் பார்த்தேன், ஒன்றையும் மறக்கவில்லை. வாய் திறந்தது. உதடு 'ப' சொல்கிற மாதிரி ஒட்டித் திறந்தது. ஜெசிந்தா செல்போனைக் கவிழ்த்து வைத்தாள். என் வாழ்நாளில் இவ்வளவு கூர்ந்து நான் எந்தப் பந்தையும் பார்த்ததில்லை. சொல்லும். படல, மூன்றே எழுத்து. சொல்லிவிட்டுப் போம்.

"பழைய கதைல்லா அது" என்றார் மச்சாது. பிறகு கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, "அப்பல்லாம் கண்ணு நல்லா இருந்துச்சு அண்ணாச்சி. இப்பத்தான ஆபரேசன் ஆயிருக்கு" என்றார். சொல்லிவிட்டுக் கியூவைப் பிரித்து உறையில் போட ஆரம்பித்தார். கண் நல்லா இருந்ததாம். முழங்கைக்குள் ஊடுருவிப் பார்க்கிற கண். எனக்குச் சிரிப்பு வந்தது, அது வெளியே வரும்போது இருமலாக வந்தது. அவர் உறையின் ஜிப்பை இழுத்தார், அது பாதியில் மாட்டியது, மறுபடி இழுத்தார், என்னைப் பார்க்காமல். ஜெசிந்தாவிடம் போய்வருகிறேன் என்றார். படிவாசலில் நின்று திரும்பி, இன்னும் என்னவோ குறைகிறது என்பது மாதிரி, "ஆனா ஒண்ணு அண்ணாச்சி. அன்னைக்கு ஒத்துக்கிடல, இன்னைக்கு நீங்களாவே ஒத்துக்கிட்டீக பாருங்க. அதுக்குப் பெரிய மனசு வேணும்" என்றார். கையைத் தூக்கிக் கும்பிட்டுவிட்டு இறங்கினார். நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு படி, இரண்டு படி. செருப்புச் சத்தம். நடுப்படியில் நிற்கிறார், மூச்சு வாங்குகிறார். அங்கேயே நின்று திரும்பி ஏறி வருவார் என்று ஒரு நொடி நினைத்தேன், நான் முட்டாள். மறுபடி செருப்புச் சத்தம். அடப்பாவி. இன்றைக்குப் பட்டதை நான் சொன்னேனே, அது எதற்குச் சாட்சி? பட்டால் சொல்கிறவன் இவன், சொல்லாததால் அன்றைக்குப் படவில்லை என்பதற்கு அல்லவா சாட்சி? ஒரு குழந்தைக்குத் தெரியுமே. அதை எடுத்து அப்படியே திருப்பி, அன்றைக்கும் பட்டது என்பதற்குச் சாட்சியாக்கிக்கொண்டு போய்விட்டார், பெரிய மனசு என்று ஒரு பொன்னாடையும் போர்த்திவிட்டு. பில் போடுகிறவன் புத்தி.

"நான்கூடப் பாக்கல அண்ணாச்சி" என்றாள் ஜெசிந்தா கவுண்டரிலிருந்து. "பேசாம அடிச்சிருக்கலாம்லா?" நான் அவளைப் பார்த்தேன். இவளும் வரிசையில் சேர்ந்துவிட்டாள், நாலாவதாக. இல்லை, இவளை விட்டுவிடுவோம், சின்னவள், அரை விரல் தூரத்தைத் திருப்பிக் கொடுத்தவள். "கியூ பிடிச்சவன்தான்மா சொல்லணும்" என்றேன். "அது சரி" என்றாள், "அதுதான் அவரு காதுல ஏறலியே." மேசைக்குத் திரும்பினேன். வெள்ளை அங்கேயே, கறுப்பு அங்கேயே, ஆட்டம் முடிந்தது தெரியாமல் நின்றுகொண்டிருந்தன. குனிந்தேன். தாடை கியூவில். முனை வெள்ளைக்கு அரை விரல், அதற்கும் கொஞ்சம் உள்ளே. கை வியர்க்கவில்லை. பின்னால் நாற்காலி காலியாக இருக்கிறது, காலியாக இருப்பது முதுகுக்குத் தெரிகிறது. இழுத்தேன், ஒரு மூச்சு நின்றேன், விட்டேன். கறுப்பு பையின் தாடைகளைத் தொடாமல் நடுவில் விழுந்தது, உருண்டு உள்ளே போகிற சத்தம், வெள்ளை அடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றது. நேர் என்றால் அப்படி ஒரு நேர். ஜெசிந்தா கைதட்டினாள். எதற்குத் தட்டுகிறாள், முடிந்த ஆட்டத்தில் விழுந்த பந்து. பையிலிருந்து கறுப்பை எடுத்து அதன் இடத்தில் வைத்தேன். கீழே அவர் இரவல் வாங்கி வந்த ஸ்கூட்டர் கிளம்புகிற சத்தம், இரண்டு உதை வாங்கித்தான் கிளம்பியது. நாளைக்கு ரயில் ஏறிவிடுவார். ஏறட்டும். ஊரில் இன்னும் கல்யாணம் உண்டு, சாவு உண்டு, வராமல் எங்கே போவார். வந்தால் இந்தப் படியில்தான் ஏறியாக வேண்டும். என் அடியை நானே திருப்பி எடுத்துக்கொண்டேன், அதில் அவருக்கு இனி பாத்தியதை இல்லை. வார்த்தை மட்டும் அவரிடம் இருக்கிறது. அவர் வாய்க்குள்ளே, அந்த 'ப'வோடு ஒட்டிக்கொண்டு. நான் வெள்ளையை நடுக்கோட்டில் வைத்தேன். நாற்காலியை எடுக்கட்டுமா என்று ஜெசிந்தா கேட்டாள். வேண்டாம், அங்கேயே கிடக்கட்டும் என்றேன்.